வாடகைதாரர்களுக்கு வேட்பாளர் தரும் வாக்குறுதிகள்: எது ஏற்கெனவே சட்டம், எது வெறும் பேச்சு?

போர்ஷன்_நம்பர்_3

சென்னைக்குள் ஒரு தொகுதி. சட்டமன்றத்துக்கு நிற்கும் வேட்பாளர் ஒருவர் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கென்றே துண்டறிக்கையில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார். பெயரும் கட்சியும் வேண்டாம், பேச்சு வேறெங்கோ போய்விடும். அதில் இருப்பது இவ்வளவுதான்:

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கத் தடை. ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் வாடகை ஏற்றத் தடை. யூனிட்டுக்கு 8, 10 ரூபாய் என்று ஓனர்கள் கரண்ட் காசு வசூலிப்பதற்கு முற்றுப்புள்ளி. திடீரென்று காலி பண்ணச் சொல்ல முடியாதபடி பாதுகாப்பு. தொகுதிக்குள்ளேயே 5,000 மலிவு விலை வீடுகள்.

இதில் எதெல்லாம் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது? எது ஒரு எம்.எல்.ஏ.வின் கையில் இருக்கிறது? அடுத்த வாரம் தெருமுனைக் கூட்டத்துக்கு வருகிறார். என்ன கேட்டால் அவரால் மழுப்ப முடியாது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எந்தக் கட்சி யோக்கியம் என்ற ஆராய்ச்சி வேண்டாம்.

---

கட்டுப்_பேப்பர்

முதலில் அதிகாரம் யாருடையது என்பது. வீட்டு வாடகை, ஓனருக்கும் குடியிருப்பவருக்கும் உள்ள உறவு எல்லாம் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் வருகிறது. ஆகவே சட்டமன்றத்துக்கு நிற்பவர் இதைப் பேசுவது சரிதான். நாடாளுமன்றத்துக்கு நிற்பவர் பேசினால்தான் சந்தேகப்பட வேண்டும். ஒன்றிய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம் பெயருக்கேற்றபடி ஒரு மாதிரி மட்டுமே. மாநிலம் எடுத்துக்கொண்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

தமிழ்நாட்டில் இப்போது நடப்பில் இருப்பது 2017ஆம் ஆண்டின் 42ஆவது சட்டம். நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் என்று நீளமான பெயர். 2019 பிப்ரவரி 22இல் அமலுக்கு வந்தது. அன்றோடு 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போனது. வேட்பாளரின் முதல் வாக்குறுதியும் நான்காவதும் இந்தச் சட்டத்திலேயே இருக்கின்றன, ஆனால் ஓட்டையோடு.

அட்வான்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 11ஆவது பிரிவு, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது. ஆனால் அந்த வாக்கியம் தொடங்குவதே 'மாறான ஒப்பந்தம் இருந்தாலொழிய' என்றுதான். அக்ரிமென்டில் பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுதான் மாறான ஒப்பந்தம். வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவர் எதில் கையெழுத்துப் போடமாட்டார்? எனவே வேட்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி, 'மூன்று மாதமாக்குவீர்களா' என்பதல்ல. '11ஆவது பிரிவின் தொடக்கத்தில் இருக்கும் அந்த விலக்கை எடுக்கத் திருத்த மசோதா கொண்டுவருவீர்களா' என்பது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி உடனே வரும்: அப்படியானால் லீஸ் வீடுகள் என்னாகும்? ஏழு லட்சம், பத்து லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருக்கும் குடும்பங்கள் ஊரெல்லாம் இருக்கின்றன. வாடகையே பூஜ்யம் என்றால் அதன் மூன்று மடங்கும் பூஜ்யம். லீஸுக்குத் தனி விதி எழுதாமல் உச்சவரம்பை மட்டும் இறுக்கினால் அந்தக் குடும்பங்கள்தான் முதலில் நடுத்தெருவுக்கு வரும். துண்டறிக்கை எழுதிக் கொடுத்தவர் இதை யோசித்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

அட்வான்ஸைத் திருப்பித் தர அதே பிரிவு ஒரு மாதம் கெடு வைக்கிறது. நியாயமான பாக்கியைக் கழித்துக்கொள்ளலாம். இங்கேதான் பெயின்ட் தகராறு வரும். காலி பண்ணும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்டுக்கு என்று பிடிப்பது ஊர் வழக்கம். சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பார்த்தால் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் ஓனர் பக்கம் இருக்கின்றன. கட்டட அமைப்பு ரிப்பேர், பைப் மாற்றுவது, வயரிங் ஆகியவையும் ஓனர் கணக்குத்தான். குழாய், வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், பூட்டு, கைப்பிடி, வாஷ்பேசின் ரிப்பேர், சாக்கடை அடைப்பு எடுப்பது போன்றவை குடியிருப்பவர் கணக்கு. குடியேறும் நாளிலேயே ஒவ்வொரு சுவரையும் தேதியோடு படம் எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். பிறகு வாதாட வேண்டியதில்லை.

காலி பண்ணச் சொல்வதற்கு வருவோம். 21ஆவது பிரிவின்படி ரென்ட் கோர்ட் உத்தரவில்லாமல் யாரையும் வெளியேற்ற முடியாது. இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாமல் இருப்பது, எழுத்துச் சம்மதமில்லாமல் உள்வாடகைக்கு விடுவது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, இடித்துக் கட்டும் தேவை என்று காரணங்கள் அங்கே இருக்கின்றன. ஒப்பந்தக் காலம் முடிந்தும் புதுப்பிக்காமல் குடியிருந்தால் அதே நிபந்தனையில் மாதாமாதம் நீளும், அதிகபட்சம் ஆறு மாதம் வரை. இது 5ஆவது பிரிவு. தண்ணீரையோ கரண்டையோ நிறுத்திக் காலி பண்ண வைப்பதை 20ஆவது பிரிவு தடை செய்கிறது. ரென்ட் அத்தாரிட்டி, அதாவது இந்தச் சட்டப்படி வாடகைப் புகார்களையும் ஒப்பந்தப் பதிவையும் பார்க்கும் அரசு அதிகாரி, விசாரணை முடியும் முன்பே இடைக்கால உத்தரவு போட்டுத் திரும்பக் கொடுக்க வைக்கலாம்.

எல்லாம் எழுதியிருக்கிறது. அப்படியானால் ஏன் நடப்பதில்லை? ஒரே காரணம், பதிவு. எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், ரென்ட் அத்தாரிட்டியிடம் பதிவாக வேண்டும் என்கிறது 4ஆவது பிரிவு. பதிவாகாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று பின்னால் 4-ஏ சேர்த்தார்கள். பதினொரு மாத அக்ரிமென்ட் போட்டால் பதிவு தேவையில்லை என்று புரோக்கர் முதல் டைப்பிஸ்ட் வரை எல்லாரும் சொல்வார்கள். அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவைப் பற்றியது. அங்கே ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் கட்டாயப் பதிவு. 2017 சட்டம் கேட்பது வேறு பதிவு, அதற்குக் காலக் கணக்கு கிடையாது. பதினொரு மாதமானாலும் ஆறு மாதமானாலும் செய்தாக வேண்டும். ஓனரோ குடியிருப்பவரோ யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்பதை நிறையப் பேர் அறிவதில்லை. முதல் அட்டவணைப் படிவம், ஒப்பந்த நகல், இரு தரப்பின் படம், அடையாள விவரம் வேண்டும். பான், ஆதார் எண் கொடுக்கும் இடத்தில்தான் ஓனர் பின்வாங்குவார். வாடகை வருமானம் வருமானவரிக் கணக்கில் ஏறாமல் இருப்பவருக்கு இந்தப் படிவம் பிடிக்காது.

அதனால் வேட்பாளரிடம் பாதுகாப்பு தருவீர்களா என்று கேட்காதீர்கள், தருவேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ரென்ட் அத்தாரிட்டிக்கு முழுநேர அதிகாரி போடுவீர்களா என்று கேளுங்கள். சட்டப்படி அந்தப் பொறுப்பு துணை ஆட்சியர் அந்தஸ்துக்குக் குறையாத ஒருவருக்கு. வருவாய்த்துறையில் அந்த அந்தஸ்தில் இருப்பவர் மேசையில் நில விவகாரம், சான்றிதழ் மேல்முறையீடு, வெள்ள நிவாரணம், தேர்தல் வேலை எல்லாம் குவிந்திருக்கும். வாடகை மனு அதற்கு நடுவில்தான் வரும்.

---

மீட்டர்_பெட்டி

கரண்ட் காசு வாக்குறுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றதை மேலே சொன்னவர் போல் எனக்கு எழுத வராது.

'எட்டு ரூபாய் வாங்கத் தடை' என்று சொல்வதில் பாதிப் பிரச்சினைதான் தெரிகிறது. மீதிப் பாதி ஸ்லாபில், அதாவது யூனிட் கூடக்கூட ரேட்டும் ஏறும் அடுக்கு முறையில் இருக்கிறது. மூன்று போர்ஷனுக்கு ஒரே இணைப்பு இருக்கும் வீட்டை எடுங்கள். ஒவ்வொரு போர்ஷனும் இரண்டு மாதத்துக்கு 180 யூனிட். மொத்தம் 540. கணக்கு எளிதாக இருக்க 2022 செப்டம்பர் கட்டணத்தையே வைக்கிறேன். அதற்குப் பிறகு விலை ஏறியிருக்கிறது, அடுக்கு முறை அதேதான்.

540 யூனிட் ஒரே மீட்டரில்: முதல் 100 இலவசம். 500ஐத் தாண்டிவிட்டதால் 101 முதல் 400 வரை 4.50 வீதம் 1,350. அடுத்த 100க்கு 6 ரூபாய் வீதம் 600. மீதி 40க்கு 8 ரூபாய் வீதம் 320. ஆக 2,270 ரூபாய்.

அதே 180 யூனிட் தனித்தனி மீட்டரில்: 100 இலவசம், 80 யூனிட் 2.25 வீதம் 180 ரூபாய். மூன்று போர்ஷனுக்கும் சேர்த்து 540 ரூபாய்.

அதாவது ஓனர் ஒரு பைசா லாபம் வைக்காமல் பில்லை அப்படியே பங்கு போட்டாலும் ஒரு போர்ஷனுக்கு 757 ரூபாய் வரும், தனி மீட்டர் இருந்தால் 180. எட்டு ரூபாய் ரேட்டில் வசூலித்தால் 1,440. மூன்று பேரிடமும் வாங்கினால் 4,320, பில்லைக் கட்டியபின் ஓனர் கையில் 2,050 நிற்கும். இலவச 100 யூனிட் என்று அரசு கொடுக்கும் சலுகை மூன்று குடும்பத்துக்குப் போக வேண்டியது ஒன்றாகச் சுருங்கி, அதுவும் குடியிருப்பவருக்குப் போய்ச் சேருவதில்லை.

ஆகவே வேட்பாளரிடம் கேட்க வேண்டியது தடை இல்லை, தனி இணைப்பு. தனி வாசல், தனி சமையலறை உள்ள போர்ஷனுக்குத் தனி இணைப்புக் கொடுக்க வழி இருக்கிறது. ஆனால் விண்ணப்பம் ஓனர் பெயரில், சொத்துவரி ரசீதோடு போக வேண்டும். டெபாசிட், இணைப்புக் கட்டணம் ஓனர் கையிலிருந்து. திட்ட அனுமதியில் இல்லாத மாடியைக் கட்டி வாடகைக்கு விட்டவர் மின்வாரிய ஆபீஸ் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார். குடியிருப்பவரே ஒப்பந்தத்தைக் காட்டி விண்ணப்பிக்கலாம், ஓனரின் சம்மதம் கட்டாயமில்லை என்று விதி மாற்றுவாரா? புதிய இணைப்புக் கட்டணத்தைச் சின்ன போர்ஷன்களுக்குத் தள்ளுபடி செய்வாரா? இரண்டும் அரசு மட்டத்தில் முடிவெடுக்கக்கூடியவை.

மாதாமாதம் ரீடிங் எடுப்போம் என்றும் கூடவே சேர்த்துச் சொல்வார். அது 2021 தேர்தல் அறிக்கையிலேயே வந்த வாக்குறுதி. மாதக் கணக்கு வந்தாலும் மூன்று குடும்பம் ஒரு மீட்டரில் இருக்கும்வரை இந்தக் கணக்கு மாறாது.

சப்-மீட்டர் இருப்பவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். போர்ஷனில் பிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். மினுக்கினால் வேறு ஏதோ உங்கள் லைனில் ஓடுகிறது, பெரும்பாலும் மாடிப்படி விளக்கு அல்லது போர் மோட்டார். ஒரு குதிரைத்திறன் மோட்டார் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 45 முதல் 60 யூனிட் இழுக்கும். ரீடிங்கை மின்வாரியக் கணக்கீட்டாளர் வரும் நாளிலேயே எடுங்கள். ஓனர் ஒரு தேதியில், வாரியம் ஒரு தேதியில் எடுத்தால் இரண்டும் ஒருநாளும் பொருந்தாது.

---

மொட்டை_மாடி

ஓனர் பக்கமும் கொஞ்சம் கேளுங்க. எல்லாரும் ஓனர்னாலே பத்து வீடு வெச்சிருக்கிறவன்னு நெனச்சிடுறீங்க. மேல ஒரு போர்ஷன் கட்டி அந்த வாடகையில மருந்து வாங்குற ரிட்டயர்டு ஆளுங்கதான் இந்த ஊர்ல நெறைய.

பத்து மாச அட்வான்ஸ் ஏன் கேக்குறாங்க? வாடகை தராம ஒக்காந்துட்டா ரெண்டு மாச பாக்கி ஆகணும், நோட்டீஸ் குடுக்கணும், ஒரு மாசம் காத்திருக்கணும், அப்புறம் ரென்ட் கோர்ட், அதுக்கு மேல டிரிப்யூனல். அவ்ளோ நாளும் வாடகை வராது. மூணு மாச அட்வான்ஸ் மனு எண் வாங்குறதுக்குள்ளயே கரைஞ்சிடும். அட்வான்ஸ மூணு மாசமாக்கணும்னா ரென்ட் கோர்ட்ல பாக்கி கேஸ் வேகமா முடியணும். ரெண்டையும் சேத்துச் சொல்ற வேட்பாளர் யாராவது இருந்தா ஓனருங்களும் ஓட்டுப் போடுவாங்க.

அஞ்சு சதவீதத்துக்கும் இதே கதைதான். 2022ல சொத்துவரி ஏறுச்சே, பழைய மாநகராட்சி எல்லைக்குள்ள 600 சதுர அடிக்கு உள்ள இருந்தா 50 சதவீதம், 601லேருந்து 1,200 வரைக்கும் 75, அதுக்கு மேல 100, 150. செலவு ஒரே வருஷத்துல இப்படித் தாவும்போது வரவு மட்டும் அஞ்சஞ்சா ஏறணும்னா எப்படி? வரி ஏறுனா அந்த வித்தியாசத்தை மட்டும் தனியா சேத்துக்கலாம்னு ஒரு வரி எழுதினா போதும், பாதி எதிர்ப்பு அடங்கிடும்.

கரண்ட் விஷயத்துல மீட்டர்_பெட்டி சொன்னதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. அதுல லாபம் வெக்கிறது தப்புதான்.

---

கட்டுப்_பேப்பர்

5 சதவீதத்தைப் பற்றி நான் எழுதாமல் விட்டதை மொட்டை மாடி தொட்டுவிட்டார், நல்லது.

இப்போதைய சட்டத்தில் வாடகைக்கு உச்சவரம்பே கிடையாது. இருவரும் ஒத்துக்கொண்டதுதான் வாடகை. ஏற்றும் விதம் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் ஓனர் மூன்று மாதம் முன்பே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும், அவ்வளவுதான். 1960 சட்டத்தில் நியாய வாடகை என்று ஒன்று இருந்தது. நிலம், கட்டடம் இரண்டின் மதிப்பையும் கூட்டி ஆண்டுக்கு 9 சதவீதம் குடியிருப்புக்கு, 12 சதவீதம் கடைக்கு. பொறியாளர் அறிக்கை, தேய்மானக் கணக்கு, எதிர் அறிக்கை என்று அந்த வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. இன்னொரு பக்கம் பல பத்தாண்டு பழைய வாடகையிலேயே ஆட்கள் தங்கிவிட, ஓனர்கள் ரிப்பேர் பார்ப்பதையே நிறுத்தினார்கள். பழையபடி வாடகைக் கட்டுப்பாடு என்று யாராவது மேடையில் சொன்னால் இந்த வரலாறும் அதோடு சேர்ந்துதான் வரும்.

5 சதவீத வரம்பில் எனக்குத் தெரியும் சிக்கல் வேறு. பதினொரு மாதம் முடிந்ததும் ஓனர் புதுப்பிக்க மறுத்துவிட்டு, புதிதாக வருபவரிடம் 20 சதவீதம் கூட்டி வாங்கினால் வரம்பு எங்கே மீறப்பட்டது? புது ஆள், புது ஒப்பந்தம். வரம்பு ஆளைப் பின்தொடர்ந்தால் ஓனர் ஆளை மாற்றிக்கொண்டே இருப்பார். அதாவது நல்லது செய்யப்போய் வருடத்துக்கு ஒருமுறை சட்டி பானை தூக்க வைப்பார்கள். வரம்பு வீட்டைப் பின்தொடர வேண்டுமானால் அந்த வீட்டின் போன வருட வாடகை என்ன என்பது எங்காவது பதிவில் இருக்க வேண்டும். 5 சதவீதம் என்றால் எதில் 5 சதவீதம்? மறுபடியும் பதிவுக்கே வந்து நிற்கிறோம்.

---

போர்ஷன்_நம்பர்_3

கரண்ட் கணக்கு கண்ணைத் திறந்துவிட்டது, நன்றி. அந்த 5,000 வீட்டைப் பற்றி யாராவது? தொகுதியில் அவ்வளவு இடம் இருப்பதாகவே தெரியவில்லை.

---

சர்வே_எண்

இடம் எவ்வளவு வேண்டும் என்பதைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வீடு 400 சதுர அடி, குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளின் வழக்கமான அளவு ஏறக்குறைய அதுதான். 5,000 வீட்டுக்கு 20 லட்சம் சதுர அடி. படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதைக்குக் கால்பங்கு கூட்டினால் 25 லட்சம். தளப்பரப்புக் குறியீடு (நிலப்பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2 என்றால் 12.5 லட்சம் சதுர அடி நிலம், சுமார் 29 ஏக்கர். உயர்மாடிக் கட்டடமாக 3.25 வரை போனால் ஏறக்குறைய 18 ஏக்கர். சாலை, பூங்கா, கழிவுநீர் ஏற்பாட்டுக்கு விடுவது தனி. சென்னைக்குள் ஒரு தொகுதியில் 18 ஏக்கர் காலி அரசு நிலம் இருந்தால் அது ஏரிப் புறம்போக்காக இல்லாமலிருக்க வேண்டும். சர்வே எண் சொல்லுங்கள் என்று கேளுங்கள், அதற்குமேல் ஒரு கேள்வியும் தேவைப்படாது.

நிலம் இல்லாதபோது இரண்டு வழிகள்தான் இதுவரை நடந்திருக்கின்றன. ஒன்று, ஊருக்கு வெளியே கட்டுவது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எல்லாம் அப்படி வந்தவை. வீடு கிடைத்தது, ஆனால் வேலை நகருக்குள். வீட்டுவேலை, மூட்டை தூக்குவது, பூக்கடை என்று விடியற்காலையில் தொடங்கும் பிழைப்புக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் பஸ் பிடித்து வர முடியாது. விளைவு, கிடைத்த வீட்டைப் பூட்டியோ உள்வாடகைக்கு விட்டோ பழைய இடத்துக்கே வாடகைக்குத் திரும்புகிறார்கள். துண்டறிக்கையில் 'தொகுதிக்குள்ளேயே' என்ற சொல் இருப்பது உண்மையில் நல்ல அடையாளம். அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, பழைய வாரியக் குடியிருப்பை இடித்து அதே இடத்தில் உயரமாகக் கட்டுவது. 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கியது 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. அதன் பழைய நான்கு மாடி பிளாக்குகள் நகரெங்கும் சிதைந்து நிற்கின்றன. மறுகட்டுமானத்தில் ஒரு கணக்கு எப்போதும் மறைந்துவிடும். இடித்தது 500 வீடு, கட்டியது 700 என்றால் புதிதாகக் கிடைத்தது 200தான். மேடையில் 700 என்பார்கள். உங்கள் வேட்பாளரின் 5,000 மொத்தமா, நிகரமா?

கட்டும் காலத்தில் அந்தக் குடும்பங்கள் எங்கே இருப்பார்கள் என்பதும் வாடகைக் கேள்விதான். அவர்களுக்குக் கொடுக்கும் தொகையை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆக உயர்த்தினார்கள். மாதத்துக்கல்ல, மொத்தத்துக்கு. கட்டுமானம் 18 மாதத்தில் முடிந்தாலும் மாதம் 1,333 ரூபாய் வருகிறது. அதற்கு எங்கே வாடகை வீடு கிடைக்கும்? ஐந்நூறு குடும்பம் ஒரே மாதத்தில் பக்கத்துத் தெருக்களில் வீடு தேடினால் அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் உங்களைப் போன்றவர்களின் வாடகையும் ஏறும். இதை யாரும் துண்டறிக்கையில் போடுவதில்லை.

தரத்தைப் பற்றி ஒன்று. 2021இல் புளியந்தோப்பு கே.பி. பூங்காக் குடியிருப்பில் கை வைத்தால் பூச்சு உதிர்ந்து, ஐஐடி நிபுணர்களை வைத்து ஆய்வு செய்யும் நிலை வந்தது. பூச்சில் சிமென்ட் குறைவு, பூசிய பின் போதிய தண்ணீர் விடவில்லை என்றால் அப்படித்தான் உதிரும். மூன்றாம் தரப்புத் தரச் சோதனை அறிக்கையை ஒதுக்கீட்டுக்கு முன்பே குடியிருப்போர் பார்க்கும்படி வெளியிடுவாரா என்று கேட்கலாம்.

பணம்: எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். ஒரு வீட்டுக்கு நிலம் இல்லாமல் 10 லட்சம் என்றே வைத்தாலும் அது 30 வீடு. ஆக 5,000 என்பது அவர் பாக்கெட்டிலிருந்து வரப்போவதில்லை, மாநில பட்ஜெட்டும் பிரதமர் வீட்டுவசதித் திட்டமும் சேர்ந்தால்தான் உண்டு. அந்தத் திட்டத்தின் கூட்டு வீட்டுவசதிப் பிரிவில் ஒன்றிய அரசின் பங்கு வீட்டுக்கு 1.5 லட்சம். மீதியை மாநிலமும் பயனாளியும் தாங்க வேண்டும். ஒதுக்கீட்டுக் கடிதம் வாங்கும் நாளில் பங்குத்தொகை கட்ட முடியாமல் வட்டிக்கு வாங்கும் குடும்பங்கள் உண்டு. வங்கிக் கடன் ஏற்பாடு முன்கூட்டியே செய்யாவிட்டால் அந்த வீடு வட்டிக்காரருக்குத்தான் போகும்.

தகுதியில் ஒரு விஷயம் பலரையும் குழப்புகிறது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள், இந்தியாவில் எங்கும் பக்கா வீடு இருக்கக் கூடாது. குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். ஊரில் அப்பா பெயரில் ஓட்டு வீடு இருப்பதால் தகுதி போய்விடாது. உங்கள் பெயருக்குப் பாகம் பிரித்து எழுதிவிட்டால் போகும்.

என் பார்வையில் இந்தத் துண்டறிக்கையின் பெரிய குறை வேறிடத்தில். அவர் சொல்லும் 5,000 வீடும் சொந்தமாகக் கொடுப்பவை. வேலைக்காக வந்து நாலைந்து வருடம் இருந்துவிட்டுப் போகிறவருக்குச் சொந்த வீடு தேவையில்லை, நியாயமான வாடகை வீடுதான் தேவை. அரசே கட்டி வாடகைக்கு விடுவது இங்கே புதிதல்ல. வேலைக்குப் போகும் பெண்களுக்கான தோழி விடுதிகள் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியை மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் கட்டித் திறந்தது, செலவு சுமார் 706 கோடி. அங்கே ஆலையே மொத்தமாக எடுத்துக்கொள்வதால் வாடகை வசூல் தலைவலி இல்லை. குடும்பங்களுக்கு அதே முறையில் கட்டினால் மாத வாடகையை யார் வசூலிப்பது, பராமரிப்பை யார் பார்ப்பது, பாக்கி வைத்தால் என்ன செய்வது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். பழைய வாரிய பிளாக்குகள் சிதைந்ததற்கு அந்த வசூலும் பராமரிப்பும் நின்றுபோனதும் ஒரு காரணம்.

---

டூலெட்_போர்டு

துண்டறிக்கையில் இல்லாத ஒன்றையும் கேளுங்கள். சாதி கேட்டு, மதம் கேட்டு, கறி சமைப்பீர்களா என்று கேட்டு, தனியாள் என்று சொல்லி வீடு மறுப்பது. 2017 சட்டம் குடியேறிய பிறகு நடப்பதைத்தான் பேசுகிறது. வாசலிலேயே திருப்பி அனுப்புவதைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. ஐந்து வாக்குறுதியிலும் இல்லை. பதில் சொல்லத் தயங்குவார், ஏனென்றால் ஓனர் ஓட்டு நிலையாக அதே தொகுதியில் இருக்கும், நம் ஓட்டு வீடு மாறும்போதெல்லாம் தொகுதி மாறும். வீடு மாறியவர்கள் படிவம் 8 கொடுத்து முகவரியை மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் கேள்வி கேட்கப் போகும்போது பட்டியலில் பெயரே இருக்காது.

---

கட்டுப்_பேப்பர்

லீஸ் வீட்டில் இருக்கும் சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், வங்கி அடமானம் இருக்கிறதா என்று. ஆனால் மூலப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கிய கடன் பதிவாகாமல் இருந்தால் வில்லங்கத்தில் தெரியாது. அதனால் மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். 'லாக்கரில் இருக்கிறது' என்றால் எடுத்து வரும்வரை காத்திருங்கள். ஓனர் தவணை கட்டாமல் வங்கி வீட்டை எடுத்தால், பதிவில்லாத லீஸை வைத்துக்கொண்டு வங்கியிடம் நிற்க முடியாது. வெளியே போக வேண்டியதுதான், லீஸ் பணத்தை ஓனரிடம் தனியாக வழக்குப் போட்டு வசூலிக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் என்றால் செலவைப் பார்க்காமல் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள், ரென்ட் அத்தாரிட்டி பதிவும் சேர்த்து. இடைத்தரகர் பெயரில் பணம் அனுப்பவே கூடாது. ஓனரின் வங்கிக் கணக்குக்கு மட்டும், விவரக் குறிப்பில் 'லீஸ் தொகை' என்றும் வீட்டு முகவரியும் போட்டு அனுப்புங்கள்.